மகாவித்துவானைப் படித்துவிட்டுக் குறை கூறலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கவிதையைப் பற்றி வெளிவந்த கட்டுரை, திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களுக்குச் சில பத்திகளை ஒதுக்கியிருந்தது. அவர் ஏராளமாகச் செய்யுள் செய்தார், கவிதை என்று சொல்லத்தக்கதை எழுதவில்லை, கோயிலாரும் மடத்தாரும் செல்வர்களும் கேட்டபோதெல்லாம் பாடிக்கொடுத்தார், உ. வே. சாமிநாதையருக்கு ஆசிரியராக வாய்த்ததே தமிழுக்கு அவரால் விளைந்த நன்மை என்பது கட்டுரையின் தீர்ப்பு. இது புதிய தீர்ப்பு அல்ல. கல்லூரி வகுப்புகளிலும் இலக்கிய மேடைகளிலும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு, ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்கு மாறி வருவதுதான். மரபுக் கவிஞர் ஒருவரைக் கட்டுரையாளர் குறை கூறிவிட்டார் என்பதற்காக நான் இக்கடிதத்தை எழுதவில்லை. குறை கூறலாம்; கூறத்தான் வேண்டும். ஆனால் அத்தனை பத்திகளிலும் மகாவித்துவானின் பாடல் ஒன்றேனும், பாடலின் ஓர் அடியேனும் எடுத்துக்காட்டப்படவில்லை. பாட்டைக் காட்டாமல் புலவரைத் தள்ளிவைக்கும் வழக்கம் நம்மிடையே எப்படி இவ்வளவு இயல்பாயிற்று என்பதுதான் என்னை வருத்துகிறது.

மதுரையில் ஆடி வீதிச் சொற்பொழிவுகளைக் கேட்டுப் பழகியவர்கள் எவரும் ஒரு தொடரை அறியாமல் இருக்க மாட்டார்கள். சேக்கிழாரைப் பற்றிப் பேச்சு வந்தவுடன் ‘பத்திச் சுவைநனி சொட்டச் சொட்டப் பாடிய கவிவலவ’ என்று பேச்சாளர் சொல்லுவார், கூட்டம் தலையசைக்கும். அந்த அடி மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களின் சேக்கிழார் பிள்ளைத்தமிழில் வருவது என்று அங்கே சொல்பவர்கள் மிகச் சிலரே. கவிதை எழுதாதவர் என்று நாம் முடிவு கட்டிய ஒருவருடைய அடி, நம் ஊர் மேடைகளில் ஆசிரியர் பெயர் இல்லாமலே வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அந்த அடியைச் சற்று நின்று பார்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைத்தமிழ் என்பது தெய்வத்தையோ அரசரையோ குழந்தையாக்கிக் காப்பு முதலிய பத்துப் பருவங்களில் பாடும் நூல். இந்த நூலில் குழந்தையாகத் தவழ்பவர் ஒரு புலவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அடியார் வரலாற்றைப் பாடியவர். செங்கீரை ஆடச் சொல்வதும், சப்பாணி கொட்டச் சொல்வதும், அம்புலியை விளையாட அழைப்பதும் மரபு வகுத்த துறைகள் என்பது உண்மை. ஆனால் அத்துறைகளின் வழியே புலவர் செய்து முடிப்பது, பெரியபுராணம் என்னும் நூலைப் பற்றிய ஒரு மதிப்பீடு. அந்நூலின் உயிர் அதன் வரலாற்றுச் செய்திகளில் இருக்கிறதா, யாப்பில் இருக்கிறதா, பத்தி உணர்வு ஒவ்வொரு பாட்டிலும் நிரம்பி வழிவதில் இருக்கிறதா என்ற கேள்விக்குச் சில சொற்களில் அவர் விடை கூறிவிடுகிறார். ‘சொட்டச் சொட்ட’ என்ற அடுக்கில் சந்தமும் கருத்தும் பிரிக்க முடியாமல் ஒன்றாகி நிற்கின்றன. இன்றைய திறனாய்வாளர் பலர் ஒரு முழுக் கட்டுரையில் சொல்ல முயல்வதை இந்த ஓரடி சொல்லிவிடுகிறது என்பது என் துணிபு. மரபுக் கவிஞருக்குத் திறனாய்வு தெரியாது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் புகழ்ச்சி என்று கூறுவோர் முதலில் இதற்கு விடை கூற வேண்டும்.

அவர் மரபு வகுத்த வாய்பாட்டையே திரும்பத் திரும்பப் பாடினார் என்ற குற்றச்சாட்டைச் சற்று விரிவாகவே பார்க்க விரும்புகிறேன், ஏனெனில் மற்றக் குற்றச்சாட்டுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. பத்துப் பருவம் என்பது வாய்பாடு. கோயில் கொண்ட ஓர் ஊரின் பெருமையைப் பாடும் தலபுராணத்தில் கடவுள் வாழ்த்து, நாட்டுப் படலம், நகரப் படலம், தலவிசேடம், தீர்த்த விசேடம் என்று செல்லும் ஒழுங்கு வாய்பாடு. முடிந்த சொல்லையே தொடக்கமாகக் கொள்ளும் அந்தாதி வாய்பாடு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் நம் ஊரிலேயே, திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேறியது என்று வழிவழியாகச் சொல்லப்படும் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை வாய்பாடு என்று நாம் ஒதுக்குவதில்லை. குமரகுருபரரும் அதே பத்துப் பருவங்களைத்தான் பாடினார். வருகைப் பருவத்தில் ‘தொடுக்கும் கடவுட் பழம்பாடல்’ என்று அவர் எடுக்கும்போது, அதற்கு முன் எத்தனையோ பேர் எத்தனையோ குழந்தைகளை ‘வருக’ என்று அழைத்திருந்த அந்தப் பழைய வழியே அவருக்கு வலிமையாக அமைகிறது. மதுரை மணி ஐயர் பாடிய தோடியைக் கேட்டவர் எவரும், இதே தோடியை முன்பே ஒருவர் பாடிவிட்டாரே என்று குறைபட்டதில்லை. வடிவம் பொதுவாக இருக்கும்போது, ஒருவர் அதில் என்ன செய்தார் என்பதைக் காண்பதற்கு அவ்வடிவத்தைக் கேட்டுப் பழகிய செவி வேண்டும். அந்தச் செவி நம்மிடம் இல்லாமற்போனது மகாவித்துவானின் குற்றம் ஆகாது.

இப்படிச் சொல்வதால் அவர் பாடிய எல்லாமே ஒரு தரத்தவை என்று நான் வாதிடுவதாகக் கொள்ளக் கூடாது. இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களையும் பத்துப் பிள்ளைத்தமிழ்களையும், அந்தாதி, கோவை, உலா, கலம்பகம், மாலை என்று எண்ணற்ற சிறு நூல்களையும் ஒரே வாழ்நாளில் பாடிய ஒருவரிடம் தளர்ந்த இடங்கள் இருக்கவே செய்யும். அவர் வாயால் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதினார்கள். ஒருபுறம் பாடம் நடக்க, மறுபுறம் புராணம் வளர்ந்தது. அந்த வேகம் வியப்புக்குரியது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது அவருடைய அன்பர்கள் செய்யும் தவறு. வேகத்தில் விளைந்த படலங்களில் எதுகையின் தேவைக்காக வந்து அமர்ந்த அடைமொழிகளும், ஒரு புராணத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயரை மாற்றி எடுத்துச் செல்லத்தக்க வருணனைகளும் உள்ளன என்பதை நடுநிலையாகப் படிக்கும் எவரும் ஒப்புவர். ஒரே எழுத்துக் கூட்டம் அடிதோறும் வேறு பொருளில் வரும் யமக அந்தாதிகளில் பொருளைக் காட்டிலும் எழுத்துக் கூட்டமே புலவரை இழுத்துச் செல்லும் பாடல்களும் உண்டு. இவற்றையும் பாடல் காட்டிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்கு ஆள் இல்லை என்பதே குறை. புகழ்வோர் நூற்பட்டியலைச் சொல்லிப் புகழ்கிறார்கள். இகழ்வோரும் அதே பட்டியலைக் காட்டியே இகழ்கிறார்கள். நூலுக்குள் எவரும் நுழைவதாகத் தெரியவில்லை.

செல்வர்க்காகப் பாடினார் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பாடினார்தான். அவருக்கு ‘மகாவித்துவான்’ என்ற பட்டத்தை அளித்ததே திருவாவடுதுறை ஆதீனம். அரசாங்கச் சம்பளம் எதுவும் இல்லாத, மாணாக்கருக்குப் பாடம் சொல்வதோடு உணவும் அளித்துக் காத்த ஒருவர், பல காலம் கடனிலும் வறுமையிலும் உழன்றதை உ. வே. சா. தாம் எழுதிய ஆசிரியர் வரலாற்றில் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். 1933-லும் 1934-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்த அந்த வரலாற்றைப் படிப்பவருக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு தமிழ்ப் புலவர் எதை உண்டு வாழ்ந்தார், ஏட்டுச்சுவடிகளை யாரிடம் இரவல் வாங்கினார், பாடம் கேட்பதற்கு எங்கெங்கே அலைந்தார் என்பதெல்லாம் தெளிவாகும். தண்டியலங்காரம் கற்பதற்கு வேறு வழியின்றி, இரந்துண்ட ஒரு பரதேசியின் பின் சென்று, அவருக்கு வேண்டிய பணிகளைச் செய்து பாடம் கேட்டவர் அவர். அப்படி வாழ்ந்தவர் புரவலருக்காகப் பாடினார் என்று குற்றம் சாட்டுவதற்கு முன், அந்தப் புரவலர்கள் யார், அவர்கள் ஏன் அந்தக் காலத்தில் புராணங்களைப் பாடுவிக்க விரும்பினார்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் காவிரிக் கரைக்குப் போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து கிழக்கே தேவகோட்டைப் பக்கம் சென்றால் போதும். கண்டதேவிப் புராணம், சாக்கோட்டைக்கு உரிய வீரவனப் புராணம், சூரைமாநகர்ப் புராணம், கோயிலூர்ப் புராணம் ஆகியவை மகாவித்துவான் இந்தச் சீமைக்காகப் பாடியவை. கடல் கடந்து வாணிகம் செய்து பொருள் ஈட்டிய நகரத்தார், பழைய கோயில்களைக் கல்லால் புதுப்பித்த காலம் அது. திருப்பணி முடிந்த கோயிலுக்குக் குடமுழுக்கு எப்படித் தேவையாயிற்றோ அப்படியே தமிழில் ஒரு புராணமும் தேவையாயிற்று. கல்லும் செய்யுளும் சேர்ந்துதான் ஓர் ஊரின் பெருமையை நிலைநாட்டின. அந்த வகையில் இப்புராணங்கள் நம் பகுதியின் சமூக வரலாற்றுக்கு நேரடிச் சான்றுகள். அவருடைய முன்னோர் மதுரைக் கோயிலில் முத்திரைப் பணி செய்த மரபினர் என்றும், தந்தையார் சிதம்பரம் பிள்ளை இங்கிருந்து திருச்சிராப்பள்ளிப் பக்கம் குடிபெயர்ந்தார் என்றும் உ. வே. சா. குறிப்பிட்டிருக்கிறார். 1815-இல் அங்கே பிறந்த மகனுக்கு ஆலவாய் அண்ணலின் பெயரே இடப்பட்டது. அப்படிப்பட்டவர், கண்மாயை நம்பி வாழும் இந்த வானம் பார்த்த சீமையைப் பாட வந்தபோது எந்தக் கண்ணால் பார்த்தார்? நாட்டுப் படலத்தில் மரபு தந்த மருத வருணனை எவ்வளவு, இந்த மண் தந்தது எவ்வளவு? இதை ஆராய்ந்து ஒருவர் கண்டித்து எழுதினால் அந்தக் கண்டனத்தை நான் வரவேற்பேன்.

இன்னும் கடுமையான கேள்வியையும் கேட்கலாம். கண்டதேவியில் தேர்வடத்தைத் தொடும் உரிமைக்காக ஒரு சாரார் பல்லாண்டுகள் போராடி நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்ததை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. ஓர் ஊரின் பெருமையைப் பாடிய நூல், அந்த ஊரில் யாரைக் கண்டது, யாரைக் காணாமல் விட்டது என்று கேட்பது நியாயமே. தலபுராணம் என்ற வகையே சிலரை உள்ளே வைத்துச் சிலரை வெளியே நிறுத்தும் இயல்புடையதா, புலவரின் விருப்பு வெறுப்பால் அப்படி நேர்ந்ததா, பாடுவித்தவரின் விருப்பமா என்பது நூலை வரிவரியாகப் படித்தால்தான் தெரியும். இந்தக் கேள்விகளைக் கேட்டவர் மகாவித்துவானுக்குப் பகைவர் ஆகிவிட மாட்டார். அவரை இன்றும் படிக்கத்தக்க புலவராக மதிப்பவரே இவற்றைக் கேட்க முடியும்.

மடத்துப் புலவர் என்பதால் அவருடைய உலகம் குறுகியது என்று கட்டுரையில் வந்திருப்பது உண்மைக்குப் பொருந்தவில்லை. முனிசீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை கிறித்தவர். பின்னாளில் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதித் தமிழ் நாவலுக்கு வழி திறந்தவர். அவர்மீது குளத்தூர்க் கோவையைப் பாடியவர் மகாவித்துவான். அவரோடு உடனுறைந்து பாடம் கேட்ட சவேரிநாத பிள்ளையும் கிறித்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலர் அவரிடம் பயின்ற இசுலாமியர். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டபோது, அந்தச் சங்கத்தைப் போற்றிப் புலவராற்றுப்படை பாடியவர் இந்த நாவலரே. ஆற்றுப்படை என்ற சங்க கால வடிவத்தை நான்காம் தமிழ்ச் சங்கத்துக்குப் பொருத்திப் பாட ஓர் இசுலாமியப் புலவரால் முடிந்தது என்றால், அந்தப் பயிற்சியில் மகாவித்துவானிடம் கேட்ட பாடத்துக்கும் பங்கு உண்டு.

உ. வே. சா. வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கட்டுரையாளர் மட்டுமல்லாமல் அனைவருமே மகாவித்துவானுக்கு எதிராகப் பயன்படுத்துகிறார்கள். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த ஐயர், தாம் படித்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கிச் சொன்னபோது, முதலியார் அவற்றால் என்ன பயன் என்ற போக்கில் கேட்டு, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவிய செய்தி அது. அந்தச் சந்திப்பிலிருந்தே 1887-இல் சிந்தாமணிப் பதிப்பும், பின்னர் சங்க நூல்களின் பதிப்புகளும் தோன்றின. ஆகவே பழைய கல்வி வீண், புதிய தேடலே பயன் என்று பாடம் நடத்துகிறோம். இராமசுவாமி முதலியார் தமிழுக்குச் செய்த உதவி அளவிடற்கரியது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சந்திப்பின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். புள்ளி இல்லாமலும், குறில் நெடில் வேறுபாடு காட்டாமலும், அடி பிரிக்காமலும் எழுதப்பட்ட ஏட்டைக் கையில் வாங்கி, இது இன்ன சொல், இங்கே சீர் ஒன்று விடுபட்டிருக்கிறது, இந்த எதுகைக்கு இந்தப் பாடமே பொருந்தும் என்று ஐயரால் கூற முடிந்தது எதனால்? சிந்தாமணி விருத்தப்பாவால் ஆனது. விருத்தத்தின் ஓசை செவியில் ஊறிப்போகும்படி, பல ஆண்டுகள் நாள்தோறும் பாடம் சொன்னவர் யார்? ஒரே எழுத்துக் கூட்டத்தை நான்கு அடியிலும் நான்கு விதமாகப் பிரித்துப் பொருள் காணும் யமக அந்தாதியில் பழகிய கண்ணுக்கே, சந்தி பிரிக்காத ஏடு வழிவிடும். எந்த அந்தாதிகளால் என்ன பயன் என்று கேட்கப்பட்டதோ, அந்த அந்தாதிகளின் பயன் சிந்தாமணியின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. உ. வே. சா.வின் ஆசிரியர் என்பதாலேயே மகாவித்துவானைப் பாராட்டுவது அவருடைய கவிதைக்குச் செய்யும் நீதி அல்ல. மாணாக்கரின் பெருமையை ஆசிரியருக்கு ஏற்றிச் சொல்லும்போது பாட்டு மறுபடியும் பின்னே தள்ளப்படுகிறது. ஆகவே மேலே சொன்ன விடை, அவர் சொல்லித்தந்த கல்வியைப் பற்றியது என்ற அளவில் நிற்கட்டும்.

பாரதியை அளவுகோலாக வைத்து அவருக்கு முன்னிருந்தோரை அளப்பதும் இந்தக் கட்டுரையில் நடந்திருக்கிறது. ‘எளிய பதங்கள், எளிய நடை’ என்று பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் 1912-இல் பாரதி விதித்த இலக்கணம் தம் காலத்துக்கும் தமக்குப் பின் வருவோருக்கும் உரியது. 1876-இல், பாரதி பிறப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே மறைந்த ஒருவர் அதை நிறைவேற்றவில்லை என்பது எப்படிக் குற்றமாகும்? அந்தப் பாரதியே மதுரையில் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த 1904-ஆம் ஆண்டில், இங்கிருந்து வெளிவந்த ‘விவேகபாநு’ இதழில் ‘தனிமை இரக்கம்’ என்ற பாடலை வெளியிட்டார். அச்சேறிய அவருடைய முதற்பாடல் என்று கருதப்படும் அது, பழைய புலவர் எவரும் தமதென்று ஏற்றுக்கொள்ளக்கூடிய சொல்லாட்சி உடையது. அந்த மொழியில் முழுகி எழுந்த பின்னரே அவர் எளிய பதங்களைத் தேர்ந்தார். பாரதியின் எளிமைக்குப் பின்னால் உள்ள ஓசை வளத்தை அறிய விரும்புகிறவர் பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தாண்டிக் குதித்துவிட முடியாது.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நிகழ்ச்சியும் கட்டுரையில் இடம்பெற்றிருந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது நூலைப் பாராட்டும் செய்யுள், கேட்டு வந்தவரை, அதில் இலக்கணப் பிழைகள் உள்ளன என்ற எண்ணத்தால் மகாவித்துவான் காலம் தாழ்த்தினார் என்பது உண்மை. இலக்கணத்தின் மேல் வைத்த பற்று, மக்கள் பாட்டின் உயிரைக் காணவிடாமல் அவரைத் தடுத்தது என்று இதைக் கொண்டு குற்றம் சாட்டலாம். நானும் அந்தக் குற்றச்சாட்டை ஓரளவு ஏற்கிறேன். உ. வே. சா. இசை பயில்வதை அவர் விரும்பவில்லை என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். ஆனால் நிகழ்ச்சி அத்துடன் முடியவில்லை. பின்னொரு நாள் பாரதியார் அந்தக் கீர்த்தனைகளைப் பாடக் கேட்டபோது, மகாவித்துவான் உருகிக் கண்ணீர் விட்டார். தாம் கொண்டிருந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டு பாயிரம் அளித்தார். தமக்குச் சற்றும் உடன்பாடில்லாத ஒரு வடிவத்தை, அதற்கு உரியவர் வாயால், அதற்கு உரிய இசையோடு கேட்டு, தம் தீர்ப்பைத் தாமே திருத்திக்கொண்ட ஒரு திறனாய்வாளரை நாம் இங்கே காண்கிறோம். அவர் கோபாலகிருஷ்ண பாரதியாருக்குச் செய்த இந்த நீதியை, இன்று நாம் அவருக்குச் செய்கிறோமா?

அந்தக் காலத்தில் கண்டனம் இல்லாமல் புகழ்ச்சி மட்டுமே இருந்தது என்று நினைப்பதும் சரியன்று. அரங்கேற்றம் என்பது மாலை மரியாதையோடு முடிந்துவிடும் விழாவாக இருக்கவில்லை. கோயில் மண்டபத்தில் நாள்தோறும் சில படலங்கள் படிக்கப்பட்டுப் பொருள் சொல்லப்படும்; கூடியிருக்கும் வித்துவான்கள் சொல்லிலும் பொருளிலும் ஐயம் எழுப்பலாம்; நூலாசிரியர் அங்கேயே விடை கூற வேண்டும். பொறாமையால் எழுந்த ஆட்சேபங்களும் அங்கே உண்டு, புலமையால் எழுந்தவையும் உண்டு. எப்படியாயினும், ஆட்சேபிப்பவர் இன்ன பாட்டு, இன்ன சொல் என்று சுட்டிக்காட்டாமல் வாய் திறக்க முடியாது. நம் காலத் திறனாய்வு எவ்வளவோ வளர்ந்துவிட்டது என்கிறோம். இந்த ஒன்றில் அது அரங்கேற்ற மண்டபத்துக்குப் பின்தங்கியே நிற்கிறது.

புதுக்கவிதைக்கு இடம் அளித்த ‘எழுத்து’ இதழை 1959-இல் தொடங்கிய சி. சு. செல்லப்பா நம் வத்தலக்குண்டுக்காரர். படைப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் சொற்களை அலசி, அதிலிருந்தே தீர்ப்புக்கு வர வேண்டும் என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். கருத்தைச் சொல்லிவிட்டுப் போவது திறனாய்வு ஆகாது என்ற அந்த வழியைப் புதுக்கவிதைக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொண்டு, மரபுக் கவிதை என்று வந்தவுடன் கைவிடுவது என்ன முறை? மகாவித்துவானின் ஒரு விருத்தத்தை அதே வகையில் அலசிப் பார்த்து, இது தேறவில்லை என்று ஒருவர் நிறுவட்டும். அதைப் படித்து ஏற்கவோ மறுக்கவோ நம்மால் முடியும். ஜெர்மன் நாட்டு ஆய்வாளரான சாஷா எபெலிங், 2010-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் மகாவித்துவானின் பாடல்களை அவை எழுந்த சூழலில் வைத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அயல்நாட்டிலிருந்து வந்து ஒருவர் இந்த உழைப்பைச் செய்யும்போது, செந்தமிழ்க் கல்லூரியும் பல்கலைக்கழகமும் உலகத் தமிழ்ச் சங்கமும் உள்ள மதுரையில், கண்டதேவிப் புராணத்தை உட்கார்ந்து படிக்க நாலு பேர் கூடவில்லை என்பது நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

நூல் கிடைக்கவில்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. சிறு நூல்களை உ. வே. சா. பிரபந்தத் திரட்டாகவே பதிப்பித்துத் தந்தார். 1998-இல் தொடங்கி நம் ஊரின் பெயரையே தாங்கி வரும் மதுரைத் திட்டம் அவற்றுள் பலவற்றை மின்னூல்களாக எவரும் படிக்குமாறு வைத்திருக்கிறது. குறைவாக இருப்பவை உரைகளே. பதம் பிரித்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதி, கதைக் குறிப்பும் தந்தாலொழிய, இன்றைய வாசகர் இப்பாடல்களுக்குள் நுழைய முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. கட்டுரையாளர் ‘கடினம்’ என்று சொன்னது இந்த வகையில் உண்மை. கடினத்தைக் குறைப்பது தமிழாசிரியர்களாகிய எங்களைப் போன்றோரின் கடமையாக இருந்தது. அதை நாங்கள் போதுமான அளவு செய்யவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு பாடலாக, மகாவித்துவானின் பாடல்களைப் பதம் பிரித்து, பொழிப்புரையோடு சில மாதங்களுக்கு வெளியிடுங்கள். பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அந்தக் கட்டுரையை எழுதியவரிடமே ஒப்படையுங்கள். சேக்கிழார் பிள்ளைத்தமிழிலிருந்தோ அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழிலிருந்தோ சிறந்தவற்றைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெறும் செய்யுள் என்று அவர் உறுதியாகக் கருதும் பாடல்களையே எடுக்கட்டும். ஒவ்வொன்றிலும் குறை எங்கே இருக்கிறது என்பதைச் சொல் காட்டி எழுதட்டும். மறுப்பவர்களும் சொல் காட்டியே மறுத்து எழுத, அடுத்த வாரம் இதே பகுதியில் சிறிது இடம் ஒதுக்கித் தாருங்கள். உரை எழுதும் உழைப்பில் பங்குகொள்ள மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் பலர் ஆவலோடு இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவனாக நானும் என் பெயரைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியன்,
திருநகர், மதுரை.